டோர்ட்மண்டில் கேட்ட ஓம்

ஹாம் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத்தான் செய்தார்கள், ஒலிபெருக்கியில், ஜெர்மன் மொழியில், இரண்டு முறை. முன்பாதி டோர்ட்மண்டுக்குப் போனது. பின்பாதி ஹாகனுக்குப் போனது. நான் பின்பாதியில் உட்கார்ந்து, பெர்லினில் வாங்கிய உப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

எதிர் இருக்கைக்காரர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். "நீங்கள் சரியான ரயிலில்தான் ஏறியிருக்கிறீர்கள். தவறான பாதியில்" என்றார் ஆங்கிலத்தில். ஹாகனில் இறங்கி உள்ளூர் ரயில் பிடித்து டோர்ட்மண்ட் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்தின் முதல் நாள் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அது 2008 அக்டோபர். சென்னையில் ஒரு நாளிதழின் மருத்துவப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கவாதம் பற்றிய புதிய ஆராய்ச்சிகளைப் பல நாட்டுச் செய்தியாளர்களுக்கு விளக்க ஒரு வாரக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். இதில் வரும் நோயாளியின் குடும்பம் எழுத அனுமதி தந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் விரிவுரைகள். காலையில் திரையில் ஒரு கடிகாரம் காட்டினார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த விதி. நாலரை மணி நேரம் வரை கொடுத்தாலும் பலன் உண்டு என்று அந்த இலையுதிர்காலத்தில்தான் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியிருந்தது. கடிகாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பச்சையில் வரைந்திருந்தார்கள்.

"நேரம் கூடிவிட்டது என்று யாரும் மெதுவாக நடக்க வேண்டாம்" என்றார் பேராசிரியர். "முந்திக் கொடுத்தால்தான் பலன் அதிகம்."

சென்னையில் இந்தத் துறைக்கு வந்த புதிதில், அரசு மருத்துவமனை வாசலில் நின்று, கை கால் எப்போது விழுந்தது என்று நோயாளிகளின் உறவினர்களிடம் கேட்டுக் குறித்திருக்கிறேன். மணிக்கணக்கில் பதில் சொன்னவர்கள் குறைவு. "முந்தாநாள்" என்பார்கள். இடையில் கைவைத்தியமாகப் புறா ரத்தம் தடவியிருப்பார்கள். பச்சை வண்ணம் பூச அங்கே கடிகாரமே இல்லை.

மதியச் சாப்பாடு உருளைக்கிழங்கு சூப். பிற்பகல் விரிவுரைகள் பிழைத்தவர்களைப் பற்றியவை. விழுங்கும் தசை பழுதானால் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். இருமல்கூட வராமல் போகும். பிறகு நிமோனியா வரும்; அதைத் தடுக்கத் தண்ணீரையே மாவு கலந்து தடிப்பாக்கிக் கொடுப்பார்கள். மனச்சோர்வு வரும், அதைச் சோம்பல் என்று வீட்டில் திட்டுவார்கள். பேச்சு போகும். இரண்டு மொழி தெரிந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்கு உறுதியான விதி இல்லை, அதனால் எல்லா மொழியிலும் சோதிக்க வேண்டும் என்றார் ஒரு பெண் ஆய்வாளர். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "எல்லா மொழிக்கும் ஆளுக்கு எங்கே போவது?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை எங்களை ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். பேருந்து சரியாக எட்டு நான்குக்கு வந்தது. எட்டு நான்கு என்று அட்டவணையில் எழுதும் துணிச்சல் எங்கள் ஊர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வந்ததில்லை.

அங்கே பேச்சுப் பயிற்சியாளர் ஃப்ராவ் லிண்ட்னர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்துவிட்டு அருகில் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

"நீங்கள் தமிழ் பேசுவீர்களா?"

"ஆமாம்."

"என்னிடம் இலங்கைத் தமிழர் ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கு அடுத்த வாரம்தான் நேரம். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் வேண்டும்."

விஷயத்தை நின்றபடியே சொன்னார். மரியதாஸ், வயது ஐம்பத்து நான்கு, மன்னார்க்காரர், பொட்டலக் கிடங்கில் வேலை. ஆகஸ்டில் பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு வரவில்லை, வயிற்றில் போட்ட குழாய் வழியாக உணவு. வெள்ளிக்கிழமை மருத்துவர்கள் கூடுகிறார்கள். சொல்வது அவருக்குப் புரிகிறது என்றால் பயிற்சியை நீட்டிக்க விண்ணப்பிப்பார்கள். புரியவில்லை என்றால் பயிற்சியில் பயனில்லை. பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை, மனைவி வேலைக்குப் போகிறவர்.

கோப்பைத் திறந்து காட்டினார். ஒரே சொல் பக்கம் முழுக்க எழுதியிருந்தது: ஓம்.

"எது கேட்டாலும் இந்த ஒலிதான். பேச்சு போனவர்களிடம் இப்படி ஓர் ஒலி ஒட்டிக்கொள்வது உண்டு. பொருள் இருக்காது. எங்கள் பிரிவு மருத்துவர் யோகா வகுப்புக்குப் போகிறவர். அவர் இதைப் பிரார்த்தனை என்கிறார்."

"மரியதாஸ் கத்தோலிக்கர்தானே?"

"கட்டிலில் ஜெபமாலை இருக்கிறது" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். "அதனால்தான் எனக்குச் சந்தேகம்."

இலங்கைத் தமிழில் ஓம் என்றால் ஆமாம் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கோப்பை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மனைவியிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவருக்குப் புரிகிறதா என்று பார்க்கும் தேர்வை அன்றே நடத்தினோம். மூலையில் வீடியோ கேமரா. மரியதாஸ் சக்கர நாற்காலியில், ஒழுங்காகச் சவரம் செய்த முகத்துடன் இருந்தார். முகத்தின் வலப்பக்கம் தொங்கியிருந்தது.

"வணக்கம் அண்ணே. மெட்ராஸ்லேருந்து வந்திருக்கேன். கொஞ்சம் பேசுங்கண்ணே. என்ன வேணா பேசுங்க, கேட்டுக்கறேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இடப்பக்க உதடு மட்டும் மேலே போனது. குறிப்பேட்டில், 'இடது உதடு அசைகிறது' என்று எழுதினேன்.

பிறகு ஃப்ராவ் லிண்ட்னரின் தாளிலிருந்து இருபது கேள்விகள். பத்துக்கு ஆமாம் என்பது சரியான விடை, பத்துக்கு இல்லை என்பது. உங்க பேர் மரியதாஸா? உங்க பேர் ஹான்ஸா? கல் தண்ணியில மிதக்குமா? ஜூலையில பனி விழுமா? காலைச் சாப்பாடு ஆச்சா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சில முறை "ஓம்" என்றார். சில முறை "ஓம் ஓம்" என்றார். ஹான்ஸ் என்பதற்கும் ஓம் ஓம். கல் மிதக்கும் என்பதற்கும் ஓம் ஓம். எல்லாவற்றையும் ஆமாம் என்று சொன்னேன். ஃப்ராவ் லிண்ட்னர் எல்லாவற்றையும் ஆமாம் என்று குறித்தார்.

"இருபதுக்குப் பத்து" என்றார் கடைசியில். "காசைச் சுண்டிப் பார்த்தாலும் பத்து வரும்."

திரும்பும் பேருந்தில்தான் நான் செய்தது உறைத்தது. நேற்றுவரை அந்தக் கோப்பில் 'மதிப்பிட இயலவில்லை' என்று இருந்தது. இப்போது 'தாய்மொழியில் கேட்டும் புரியவில்லை' என்று ஆகிவிட்டது. சான்று கொடுத்தவன் நான்.

வியாழக்கிழமை விரிவுரைக்குப் போகவில்லை. அதே எட்டு நான்கு பேருந்தில் மருத்துவமனைக்குப் போனேன். மரியதாஸின் மனைவி ஜெசிந்தா வேலை முடித்து ஒன்பதரைக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் முடிவை நானே அவரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

உணவுக்கூடத்தில் சந்தித்தோம். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறவர். நீல மேற்சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"கூழ், தம்பி. ஒடியல் கூழ். மீன் முள்ளு, நண்டுக் கோது எல்லாம் எடுத்து மூண்டு தரம் வடிச்சனான். இவையள் தண்ணியைத் தடிப்பாக்க டின்னிலை மா வச்சிருக்கினம். எங்கடை ஒடியல் மா அதைவிடத் தடிப்பு. அந்த அம்மா ஒரு கரண்டி வச்சுப் பாப்பம் எண்டவ."

பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுவது என்று விளக்கினார். எங்கள் ஊரிலும் கூழ் உண்டு என்றேன். எந்தக் கூழ் என்று அவர் கேட்கவில்லை.

இருபதுக்குப் பத்து என்பதைச் சொன்னேன். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார்.

"அப்ப இவரை வீட்டை வர விடமாட்டினமோ?"

"நாளைக்குத்தான் முடிவு, அக்கா."

ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் பேப்பர்க்காரர்தானே. ஒண்டு கேக்கட்டே? அந்தக் கட்டி கரைக்கிற ஊசி, எத்தினை மணித்தியாலத்துக்குள்ளை போடவேணும்?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் அவரே சொல்லத் தொடங்கினார். ஆகஸ்டில் ஒரு காலை, ஐந்து மணி. வலது கை விறைக்குது என்று மரியதாஸ் சொன்னாராம். "படுத்த கைதானே, தேய்ச்சால் சரிவரும் எண்டு தைலம் பூசிவிட்டன். அஞ்சரைக்கு எனக்கு வேலை. நான் போகட்டே எண்டு கேட்டன். ஓம், நீர் வெளிக்கிடும் எண்டார். அதுதான் அவர் கடைசியாக் கதைச்சது. ஒம்பதுக்கு வாறன், குசினியிலை, அடுப்படி நிலத்திலை கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக ஒம்பதரை. மூண்டு மணித்தியாலம் தாண்டீற்றுதாம், ஊசி ஏலாதாம்."

அவர் என்ன கேட்கிறார் என்பது தெளிவு. செவ்வாய்க்கிழமை பார்த்த பச்சை வண்ணக் கடிகாரம் என் பையிலேயே அச்சுத்தாளாக இருந்தது. மழுப்பியிருக்கலாம்.

"அப்போ மூணு மணி நேரம்தான் விதி, அக்கா. இப்பதான் நாலரை வரைக்கும் கொடுக்கலாம்னு வந்திருக்கு. அதுவும் எல்லாருக்கும் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஐந்து முதல் ஒன்பதரை. நான்காவது விரலைத் தாண்டி ஐந்தாவது விரலைப் பாதி மடக்கி நிறுத்தினார்.

"அஞ்சு மணிக்கே நான் அம்புலன்சுக்கு அடிச்சிருந்தால் பழைய விதியே போதுமாயிருந்திருக்கும், என்ன?"

மடக்கிய விரல்களைப் பிரித்தார். "இவரிட்டை இதைக் கேக்க வேணும் எண்டு ரெண்டு மாசமா நினைக்கிறன்" என்றார். "கேக்கத் துணிவு வரேல்லை."

மேலே போனோம். மரியதாஸ் ஜன்னலோரம் இருந்தார். ஜெசிந்தாவின் குரல் வாசலிலேயே மாறிவிட்டது.

"இஞ்சாரும், இந்தத் தம்பிக்கு எங்கடை கூழைப் பற்றி எல்லாம் தெரியுமாம்!"

மரியதாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓம் ஓம்" என்றார்.

ஜெசிந்தா சிரித்துவிட்டார். "நக்கலைப் பாருங்கோவன்! உமக்கு எங்கை தெரியப்போகுது எண்டு சொல்லுறார்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "அக்கா, இப்ப அவர் என்ன சொன்னார்?"

"தெரியாது எண்டார்."

"ஓம்னுதானே சொன்னார்?"

"ஒருக்கால் சொன்னால் ஓம். ரெண்டு தரம் சொன்னால் அது ஓமே, தம்பி? கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த மனுசன் இல்லை எண்டு நேரை சொன்னதில்லை. ஓமோம், நீர் சொன்னாச் சரிதான் எண்டு இழுப்பார். அப்ப நாங்கள் விளங்கிக்கொள்ள வேணும்."

சென்னையில் ஒரு நாளில் பத்து முறையாவது "ஆமாம் ஆமாம்" என்று இதே பொருளில் சொல்கிறவன் நான். பத்திரிகை ஆசிரியர், தான் வெட்டியதால்தான் என் கட்டுரை படிக்க நன்றாக இருக்கிறது என்பார். ஆமாம் ஆமாம் என்பேன். அந்த இழுப்பு எங்கள் ஊர்ச் சொல்லில் வந்திருந்தால் பிடித்திருப்பேன். அவர் ஊர்ச் சொல்லில் வந்ததும் அகராதிப் பொருளோடு நின்றுவிட்டேன்.

"இன்னொண்டு" என்றார் ஜெசிந்தா. "நேற்று நீங்கள் என்னெண்டு தொடங்கினீங்கள்?"

"பேசுங்கண்ணேன்னு சொன்னேன்."

"ஐயோ! எங்கடை ஆக்களிட்டைப் பேசுறதெண்டால் ஏசுறது. வெளிநாட்டிலையிருந்து ஒருத்தர் வந்து நிண்டு, என்னை நல்லாப் பேசுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டால் சிரிக்கமாட்டாரே?"

மரியதாஸின் இடப்பக்க உதடு மேலே போனது. "ஓம்" என்றார், ஒரே ஒரு முறை.

நாங்கள் இருவரும் ஃப்ராவ் லிண்ட்னரின் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். துள்ளிக் குதிக்கவில்லை. "மனைவிக்கு அவர் குணமடைய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கேள்வி தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். இதை அப்படியே எழுத முடியாது" என்றார். ஜெசிந்தாவின் முகம் சுருங்கியது. ஆனால் ஃப்ராவ் லிண்ட்னர் முடிக்கவில்லை. வீடியோவைப் போட்டார். திரையை ஜெசிந்தாவுக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பினார். நான் கேள்வி கேட்கும் இடத்தில் எல்லாம் ஒலியை அணைத்துவிட்டு, மரியதாஸின் பதிலை மட்டும் ஓடவிட்டார். ஜெசிந்தா ஒவ்வொரு பதிலுக்கும் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். இருபது முறை.

"ஓம். இல்லை. இல்லை. ஓம். இதுவும் இல்லை, கொஞ்சம் கோவத்திலை சொல்லுறார்."

ஃப்ராவ் லிண்ட்னர் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார்.

"பதினெட்டு."

தவறான இரண்டு எவை என்று கேட்டேன். முதலாவது, ஜூலையில் பனி விழுமா என்ற கேள்வி. மரியதாஸ் ஆமாம் என்றிருக்கிறார். "விழுந்ததுதானே!" என்றார் ஜெசிந்தா. "ஒருக்கால் சுவிசிலை மலைக்குப் போனனாங்கள், ஜூலையிலை. இவர் காலிலை போட்ட சப்பாத்துக்குள்ளை எல்லாம் பனி." இரண்டாவது, காலைச் சாப்பாடு ஆச்சா என்ற கேள்வி. குழாயில் உணவு ஏற்றியாகிவிட்டதால் ஆமாம் என்பது சரியான பதில். அவர் ஓம் ஓம் என்றிருந்தார்.

"குழாயிலை ஏத்தினதைச் சாப்பாடு எண்டு நீங்கள் சொன்னால் அந்த மனுசன் வேறை என்ன சொல்லும்?"

மொழிபெயர்த்தேன். ஃப்ராவ் லிண்ட்னர் முதல் முறையாகச் சிரித்தார். மதிப்பெண்ணை மாற்றவில்லை, விதிப்படி பதினெட்டுதான். கீழே இரண்டு வரி அடிக்குறிப்பு மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மருத்துவர்கள் கூட்டம் பதினோரு மணிக்கு. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துத் தின்றேன். அந்த வாரத்தில் எத்தனையாவது ரொட்டி என்று மறந்துவிட்டது. அரை மணியில் ஜெசிந்தா வெளியே வந்தார்.

"இன்னும் நாலு கிழமைப் பயிற்சிக்கு அன்ட்ராக் போடுவினமாம், விண்ணப்பம், தம்பி. காசு கட்டுற காப்புறுதிக்காரர் ஓம் எண்டால் சரி." பிறகு அவரே, "ஒரு ஓம்தான்" என்றார்.

மேலே, ஜெசிந்தா அன்று புதிதாகக் காய்ச்சிக் கொண்டுவந்த கூழுக்கான நேரம். ஃப்ராவ் லிண்ட்னர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு தேக்கரண்டியின் நுனியில் எடுத்தார். மரியதாஸிடம் முகவாயை மார்புப் பக்கம் தாழ்த்தச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஜெசிந்தா அதை அவர்கள் தமிழில் திருப்பிச் சொன்னார். தொண்டை மேலே ஏறி இறங்கியது. பயிற்சியாளர் கழுத்தில் விரல் வைத்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார். இருமல் இல்லை, குரலில் ஈரம் இல்லை. இரண்டாவது நுனி. அவ்வளவுதான் இன்றைக்கு, கருவி வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் மற்றது என்று கரண்டியைக் கழுவப் போனார்.

மரியதாஸ் கண்ணை மூடியிருந்தார். ஜெசிந்தா அவர் உதட்டைத் துடைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன். என் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்த முறை எந்தப் பெட்டி என்று எழுதி வாங்கியிருந்தேன்.

"நில்லுங்கோ தம்பி" என்றார் ஜெசிந்தா. "ஒரு ஆள் பக்கத்திலை இருக்கட்டும்."

மரியதாஸின் நாற்காலிக்கு எதிரில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். துடைத்த துணியை நாலாக மடித்தார்.

"இஞ்சாரும். அண்டைக்குக் காலமை, நீர் கை விறைக்குது எண்டு சொல்லச் சொல்ல நான் வேலைக்குப் போனனான். அதுக்கு என்னிலை கோவமோ?"

மரியதாஸ் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். வாய் திறக்க நேரமாயிற்று. வாசலில் ஃப்ராவ் லிண்ட்னர் ஈரக் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"ஓம்" என்றார்.

ஜெசிந்தாவின் கை துணியோடு அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். கூழ் இறங்கிய தொண்டை மறுபடி ஒரு முறை ஏறி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அந்த வாரத்தில் முதல் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன். மரியதாஸ் மூச்சை இழுத்தார். இடப்பக்க உதடு மேலே போனது.

"ஓம்" என்றார், இரண்டாம் தரம்.